வதந்திக்கு முன்பே ஓர் ஊர் செய்து வைக்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்குத் தகவல் போர் புதிதன்று. 1948 ஜூன் 16ஆம் நாள் இவ்வூரை ஒட்டிய ரப்பர்த் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் துப்பாக்கியோடு துண்டறிக்கையும் சேர்ந்தே போரிட்டது. விமானங்கள் காட்டுக்குள் கோடிக்கணக்கில் தாள்களை வீசின. ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் மரங்களுக்கு மேலே பறந்து, சரணடையும்படி பேசின. அரசின் உளவியல் போர்ப் பிரிவுக்குப் பின்னாளில் தலைமை தாங்கிய சி. சி. டூ, அலங்காரமான அரசாங்க வாசகங்களை நம்பவில்லை. சரணடைந்தவர்கள் தங்கள் கையெழுத்தில் பழைய தோழர்களுக்கு எழுதிய கடிதங்களும் அவர்களுடைய புகைப்படங்களுமே எடுபடும் என்று கருதி, அவற்றையே அச்சிட்டு வீச வைத்தார். முகமறிந்தவர் சொல்வதை மனிதர் நம்புவார்கள் என்பதே அந்த முறையின் அடிப்படை.

இன்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவும் பொய்யும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. அதை யார் உருவாக்கினார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆனால் நம் கைக்கு அது மாமாவிடமிருந்தோ, பள்ளித் தோழியிடமிருந்தோ, கோயில் குழுவிலிருந்தோ வந்து சேர்கிறது. ஆகவே பொய்யை இனங்காணும் திறனைத் தனி மனிதர்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட இயலவில்லை. காலையில் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பகல் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டி, இரவில் களைத்துப் படுக்கும் ஒருவர், தன் அண்ணன் அனுப்பிய குரல் பதிவை உட்கார்ந்து ஆராய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. யாரைக் கேட்பது, யார் போய்ப் பார்ப்பது, யார் திருத்திச் சொல்வது என்பதை ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தால், அந்த மனிதர் செய்ய வேண்டியது ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான். அந்த ஏற்பாட்டைத் தோட்டப்புற ஊர் ஒன்று எவ்வாறு செய்துகொள்ளலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

செய்தி நடக்கும் வழி

முதல் வேலை, உங்கள் ஊரில் செய்தி எவ்வழியே பயணம் செய்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுவது. கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் குழு, மரண அறிவிப்புக் குழு, காற்பந்துக் குழு, பெண்கள் பணம் சேர்க்கும் கூத்துச் சீட்டுக் குழு, தாமான் குடியிருப்பாளர் குழு, தொழிற்சங்கக் கிளை என்று எழுதத் தொடங்கினால் பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் நிர்வாகி யார், அதில் உள்ள யார் வேறு எந்தக் குழுக்களிலும் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து குழுக்களில் ஒரே நேரத்தில் இருக்கும் சிலர் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பொதுக் காரியங்களுக்கு ஓடியாடி உழைப்பவர்கள். ஒரு புரளி தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ஏறுவதும் அவர்கள் வழியாகத்தான். திருத்தம் அதே வேகத்தில் இறங்க வேண்டுமானால் அதுவும் அவர்கள் வழியாகத்தான். அவர்களைக் குற்றம் சொல்லி ஒதுக்காமல் முதலில் அவர்களையே இந்தப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குழுக்களில் இல்லாதவர்களையும் மறக்கக் கூடாது. கைப்பேசியைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துக் கேட்கும் பாட்டிக்குச் செய்தி ஒட்டுக்கடையிலும் கோயில் திண்ணையிலும்தான் கிடைக்கிறது. அவருக்குரிய திருத்தமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாறு பேர் போதும்

அடுத்து, சரிபார்க்கும் பொறுப்பை ஏற்கும் ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுங்கள். படித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பது பயன் தராது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தோட்ட அலுவலகத்தில் எவரிடமும் தயங்காமல் பேசக்கூடிய கிராணி (எழுத்தர்) ஒருவர், மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ பணிபுரியும் தாதி ஒருவர், தொழில்நுட்பம் அறிந்த இளைஞர் ஒருவர், எந்தக் கட்சிக்காரரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் என்று கலந்து அமைவதே நல்லது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் உண்மையே சொன்னாலும் ஊரின் பாதி காதில் அது கட்சிக் குரலாகவே விழும்.

இக்குழுவின் கையில் இருக்க வேண்டிய மிக முக்கியமான பொருள் ஓர் எண் பட்டியல். காவல் நிலையம், தோட்ட நிர்வாகம், மாவட்டச் சுகாதார அலுவலகம், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோரின் எண்களோடு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், சீனர் வணிகச் சங்கத்தில் ஒருவர், பக்கத்துக் கம்போங்கின் (மலாய்க் கிராமத்தின்) தலைவர் ஆகியோருடைய எண்களும் அதில் இருக்க வேண்டும். அந்த எண்கள் வெறும் எண்களாக இல்லாமல், எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழக்கமும் வேண்டும். அமைதிக் காலத்தில் ஒரு முறைகூடச் சந்தித்திராத இருவர், பதற்றமான இரவில் ஒருவரை ஒருவர் நம்பிப் பேச மாட்டார்கள். 1975இல் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா என்னும் அண்டை அயலார் அமைப்பு பல குடியிருப்புகளில் இன்றும் இயங்குகிறது. மூன்று இனத்தாரும் ஒரே மேசையில் அமர்வதற்கு அது ஏற்கெனவே இருக்கும் இடம். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பலகாரம் மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடாமல், ‘உங்கள் பக்கம் இப்படியொரு செய்தி வந்தால் எனக்கு முதலில் அழையுங்கள்’ என்று வெளிப்படையாகப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

இப்படியொரு குரல் பதிவு இரவு ஒன்பது மணிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம்: “அண்ணே, இப்பதான் தெரிஞ்சுச்சு. நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில நாளைக்குக் காலையில ஒடைக்கப் போறாங்களாம். ரெண்டு லோரி வந்து நிக்குது. போலிசும் அவங்க பக்கம்தானாம். எல்லாத்துக்கும் அனுப்புங்க, தூங்கிறாதீங்க.”

இதைப் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். ‘நம்ம தோட்டம்’ என்பதற்குப் பெயர் இல்லை. ஆகவே இது எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும். ‘நாளைக்கு’ என்பதற்குத் தேதி இல்லை; ஆகவே இது எந்த நாளிலும் மறுபடி உலவக்கூடும். பேசுபவர் தம் பெயரைச் சொல்லவில்லை. ‘உடைக்கப் போகிறார்களாம்’, ‘அவர்கள் பக்கம்தானாம்’ என்ற இரண்டும் கேள்விப்பட்டவை; கண்ணால் கண்டதாகச் சொல்லப்படுவது லோரிகள் மட்டுமே. கடைசி வரி செய்தியன்று, அது ஒரு கட்டளை. உடனே எல்லாருக்கும் அனுப்பு என்று தூண்டும் எந்தத் தகவலையும் அந்தத் தூண்டுதல் ஒன்றுக்காகவே நிறுத்தி வைக்கலாம்.

பெற்றவர் செய்ய வேண்டியது, அதைச் சரிபார்ப்புக் குழுவில் ஒருவருக்கு மட்டும் அனுப்புவது. ‘இது உண்மையா?’ என்று கேட்டபடி பத்துக் குழுக்களில் போடுவதும் பரப்புவதே ஆகும். கேள்விக்குறி இரண்டாவது கைக்குள் உதிர்ந்துவிடும், குரல் பதிவு மட்டும் மிஞ்சும். சரிபார்ப்புக் குழு உடனே இருவரை நேரில் அனுப்ப வேண்டும், இன்னொருவர் தோட்ட நிர்வாகத்தை அழைக்க வேண்டும். விடை கிடைக்கும்வரை மௌனமாக இருப்பது ஆபத்து. ‘கோயில் பற்றிய குரல் பதிவு எங்களுக்கும் வந்தது, இருவர் நேரில் பார்க்கச் சென்றிருக்கிறார்கள், பத்து மணிக்குள் சொல்கிறோம்’ என்ற இரண்டு வரிச் செய்தியே பாதிப் பதற்றத்தைத் தணித்துவிடும்.

பின்னர் எழுதும் திருத்தத்தில் உண்மை முதலில் வர வேண்டும். பொய்யை ஒரு முறை மட்டும் சுட்டினால் போதும். கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டால் அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே மறுப்பு எழுதுவதாக எண்ணிப் பொய்யையே தலைப்பாக்கி விடக் கூடாது. இப்படி எழுதலாம்: “கோயில் இடத்தில் எந்த உடைப்பு வேலையும் இல்லை. இரவு 9.40க்குக் கோயில் செயலாளரும் தோட்டக் கிராணியும் நேரில் பார்த்தார்கள். அங்கே நிற்கும் இரண்டு லோரிகளும் சாலை வேலைக்குக் கல் கொண்டு வந்தவை; நிர்வாகம் இதை உறுதிப்படுத்தியது. உலவும் குரல் பதிவு தவறானது. காலை 7 மணிக்கு மீண்டும் பார்த்துச் சொல்வோம்.” பார்த்தவர் யார், எப்போது பார்த்தார், லோரி எதற்கு வந்தது, அடுத்த செய்தி எப்போது வரும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. குரலில் வந்த பொய்க்குக் குரலிலேயே திருத்தம் போவது சிறப்பு. செயலாளரே தம் பெயர் சொல்லி, ஊர் அறிந்த தம் குரலில் இதைப் பேசி அனுப்பட்டும்.

படமும் காணொலியும் வரும்போது கவனிக்க வேண்டியவை வேறு. கூகள் லென்ஸ் போன்ற படத் தேடல், அந்தப் படம் முன்பே வேறெங்காவது வெளியாகியிருக்கிறதா என்று காட்டிவிடும். தமிழ்க் குழுக்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு: தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ எடுத்த காணொலி, பேச்சு தமிழில் இருப்பதால், இங்கே நடந்ததாக எளிதில் உலவும். வாகன எண் பலகையைப் பாருங்கள். பேராக்கில் பதிவான வண்டி ‘ஏ’ என்ற எழுத்தில் தொடங்கும், ‘டி.என்.’ என்றிருந்தால் அது தமிழ்நாடு. கடைப் பலகைகளின் மொழியும் காவலர் சீருடையும் அதேபோல் இடத்தைச் சொல்லும். ஒருவர் குரலைப் போலியாகச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்குவது இன்று எளிது என்பதால், தெரிந்த குரலில் பணமோ ஆள்திரட்டலோ கேட்டு வந்தால், நீங்கள் முன்பே சேமித்து வைத்திருக்கும் எண்ணுக்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

புலனத்தில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அச்செய்தி பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்தக் கட்டுப்பாட்டால் இவ்வகைப் பகிர்வு 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. ஆனால் வரிகளைப் படியெடுத்து ஒட்டினாலோ, கோப்பை இறக்கிப் புதிதாக ஏற்றினாலோ அந்தக் குறி மறைந்துவிடும். குறி இல்லாததால் செய்தி நம்பத்தக்கது என்று ஆகாது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்தில் பல செய்திகளுக்கு அதிகாரப்பூர்வ விளக்கம் கிடைக்கும். அதே ஆணையம் 2025 ஜனவரியில் அறிமுகம் செய்த ஆய்ஃபா என்னும் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் தமிழிலும் கேட்கலாம். இருப்பினும் உங்கள் தோட்டத்துக் கோயில் வாசலில் லோரி நிற்பது ஏன் என்பதை எந்தத் தளமும் சொல்லாது. அதை ஊரார்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

குறை உண்மையாக இருக்கும்போது

இனி சொல்லப் போவதுதான் கடினமான பகுதி. கோயில் உடைபடும் என்ற புரளி ஏன் இவ்வளவு வேகமாகப் பற்றுகிறது? தோட்டத்துக் கோயில்கள் பலவும் நிறுவனத்தின் நிலத்தில், பட்டா இல்லாமல், வாய்மொழி அனுமதியோடு தொழிலாளர்கள் எழுப்பியவை. நிலம் விற்கப்படும்போது கோயிலும் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) கேள்விக்குள்ளாகின்றன. அந்த அச்சம் கற்பனையன்று. 2018 நவம்பர் 26 அதிகாலையில் சுபாங் ஜெயாவில் சீபீல்ட் மாரியம்மன் கோயிலில் மோதல் வெடித்ததும் பழைய தோட்ட நிலம் ஒன்றின் மேல் எழுந்த சர்ச்சையால்தான். இனக்கலவரம் என்ற பேச்சு மளமளவென்று பரவ, இது இன மோதல் அன்று என்று அரசாங்கம் விளக்க வேண்டியதாயிற்று. அங்கே காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் டிசம்பரில் உயிரிழந்தார்.

தகவல் போர் நடத்துபவர்கள் வெறும் காற்றிலிருந்து பொய்யை உருவாக்குவதில்லை. இருக்கும் காயத்தைத் தேடிப் பிடித்து அதன்மேல்தான் வேலை செய்கிறார்கள். குறையை மூடி மறைத்துக்கொண்டு ‘வதந்தியை நம்பாதீர்’ என்று மட்டும் சொல்பவர் விரைவில் நம்பிக்கையை இழப்பார். சுங்கை சிப்புட்டின் மைந்தரும் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவருமாக இருந்த துன் சம்பந்தன் காலத்தில் தோட்டத் துண்டாடல் (பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பது) பற்றிய அச்சம் எங்கும் நிறைந்திருந்தது; அதுவும் உண்மையான அச்சமே. பயப்படாதீர்கள் என்று அறிக்கை விட்டு அவர் நின்றுவிடவில்லை. 1960இல் தோட்டங்களை வாங்குவதற்கான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் நேரில் பேசி உறுப்பினராக்கினார். அச்சத்துக்கு அமைப்பும் முகமும் சேர்ந்த விடை கிடைத்தது.

ஆகவே கோயில் நிர்வாகம் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை வலியுறுத்திச் சொல்கிறேன். மாவட்ட நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வ நிலத் தேடல் செய்து, கோயில் நிற்கும் நிலம் இன்று யார் பெயரில், எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்பதை எழுத்தில் பெறுங்கள். அதனோடு நிறுவனத்தின் பழைய கடிதங்கள், சங்கப் பதிவுச் சான்று, மின்சார, தண்ணீர்க் கட்டண ரசீதுகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, நகல் ஒன்றை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். நில நிலவரத்தை ஆண்டுக் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள், அது கசப்பாக இருந்தாலும் சரி. நிலம் நம்முடையதன்று என்பதை அறிந்த ஊர், அதைப் பேச்சுவார்த்தையால் தீர்க்க வழி தேடும். அறியாத ஊர் நள்ளிரவுக் குரல் பதிவின் பின்னே ஓடும். லயத்து வீடுகளுக்கும், மைகாட் (அடையாள அட்டை) இல்லாத பிள்ளைகளின் விவரத்துக்கும் இதே முறை பொருந்தும்.

முன்பே சொல்லி வைத்தல்

பொய் வருமுன் அதன் சாயலைக் காட்டி வைத்தால் மனம் எதிர்ப்பாற்றல் பெறும் என்பது 1960களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்குவயர் முன்வைத்த கருத்து. அண்மைக் காலத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதைப் பொய்த்தகவலுக்குப் பொருத்திச் சோதித்து வருகிறார்கள். சுவீடன் 2018இல் ஏறக்குறைய 48 லட்சம் குடும்பங்களுக்கு ஒரு கையேடு அனுப்பியது. நாடு தாக்கப்பட்டால், எதிர்ப்பைக் கைவிடும்படி வரும் எந்தத் தகவலும் பொய் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். எதிரி நாளை சொல்லப் போவதை இன்றே செல்லாததாக்கிவிட்டார்கள்.

அதே முறையை ஊர் அளவுக்குக் கொண்டு வரலாம். ‘எங்கள் நிர்வாகம் எக்காலத்திலும் பெயரில்லாத குரல் பதிவு மூலம் ஆட்களைத் திரட்டாது, அப்படி வருவது எதுவும் எங்களுடையதன்று’ என்று கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பள்ளி விடுமுறை, தடுப்பூசி, உதவித்தொகை பற்றிய அறிவிப்பு எந்த ஒரு வழியில் மட்டும் வரும் என்பதைத் தலைமையாசிரியர் ஆண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடட்டும். தேர்தலுக்கு முன் இது மிகவும் தேவை. 2022 நவம்பரில் பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 இனக்கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொலிகள் டிக் டாக்கில் பெருகின. காவல்துறை எச்சரிக்க நேர்ந்தது. அடுத்த தேர்தலிலும் அதே ஆயுதம் எடுக்கப்படலாம் என்று இப்போதே இளைஞர் மன்றத்தில் பேசி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

வெளிநாட்டுப் பத்திரிகை என்ற முத்திரையும் ஒரு பழைய தந்திரம். 1983 ஜூலையில் டெல்லியின் ‘பேட்ரியட்’ நாளிதழில், எய்ட்ஸ் கிருமியை அமெரிக்கா உருவாக்கியது என்று பெயரில்லாக் கடிதம் ஒன்று வெளிவந்தது. பின்னர் சோவியத் ஏடு அதையே ஆதாரமாகக் காட்டி எழுத, பொய் உலகெங்கும் போனது. அதற்குப் பின்னால் சோவியத் உளவுத்துறை இருந்ததை 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவ் ஒப்புக்கொண்டார். ‘இந்தியப் பேப்பரிலேயே வந்திருக்கிறது’ என்று இன்று யாராவது சொல்லும்போது, எந்த ஏடு, எந்தத் தேதி, எழுதியவர் யார் என்ற மூன்றையும் கேளுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதம் ஒரு பாடவேளை போதும். உலவும் ஒரு செய்தியை மாணவர்களே கொண்டு வந்து, மேலே குரல் பதிவைப் பிரித்ததுபோல் பிரிக்கட்டும். முதியோரிடம் மட்டும் பிள்ளைகள் ஆசிரியராகிவிடக் கூடாது. குடும்பக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் பெரியப்பாவின் செய்தியைப் பொய் என்று சொன்னால், அவர் கௌரவத்துக்காகவே அந்தப் பொய்யைப் பிடித்துக்கொள்வார். தனியாக அழைத்து, ‘பெரியப்பா, இதை யார் உங்களுக்கு அனுப்பினார்கள்? அவருக்கும் சொல்லிவிடலாமே’ என்று பேசினால் அவரே குழுவில் திருத்தம் போடுவார்.

நம்மைப் பற்றியல்லாத பொய்யிலும் நம் பொறுப்பு உண்டு. 2020 ஏப்ரலில், ரோஹிங்யா தலைவர் ஒருவர் குடியுரிமை கேட்டதாகப் பரவிய செய்தியை அவர் மறுத்த பின்னும் அம்மக்கள்மீது வெறுப்பு கொட்டப்பட்டது. இன்று நம் தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் உண்டு. அவர்களைப் பற்றிக் குழந்தை கடத்தல், நோய் பரப்புதல் என்று வரும் செய்திகளைச் சரிபார்ப்புக் குழு அதே ஒழுங்கோடு எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு எதிரான பொய்யை மட்டும் திருத்துகிறவர்களை மற்ற இனத்தார் நம்ப மாட்டார்கள். பள்ளிவாசலில் உள்ள நண்பர் நமக்காகப் பேச வேண்டுமானால், நாமும் அவருக்காகப் பேசியிருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் 2025இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரையும் சிறை 2 ஆண்டு வரையும் போகலாம். குழு நிர்வாகிகள் இதை அறிந்திருப்பது நல்லது. ஆனால் 2018இல் அவசரமாக இயற்றிய பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை 2019இல் நாடாளுமன்றமே ரத்து செய்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். எது பொய் என்று தீர்மானிக்கும் உரிமை முழுவதும் அதிகாரத்திடம் போய்விடக் கூடாது என்ற கவலை அன்று நியாயமாகவே எழுந்தது. காவல் புகார், கலவரத்துக்குத் தூண்டுதலும் மோசடியும் நடக்கும்போது மட்டும் போதும். அண்ணன் தம்பி அறியாமல் அனுப்பியதற்குப் புகார் வரை போனால், அதன்பின் யாரும் சரிபார்ப்புக் குழுவிடம் எதையும் காட்ட மாட்டார்கள்.

ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் ஒரு குறிப்பேட்டில் செய்தி வந்த நேரம், வந்த குழு, திருத்தம் போன நேரம், அது எங்கெல்லாம் போய்ச் சேரவில்லை ஆகியவற்றை எழுதி வையுங்கள். கோயிலிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் ஆண்டுக் கூட்டம் முடிந்து நிர்வாகம் மாறும்போது எண் பட்டியல் பழையதாகிவிடும். புதிய செயலாளரைப் பழைய செயலாளரே அழைத்துக்கொண்டு போய், காவல் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் தோட்ட அலுவலகத்திலும் நேரில் அறிமுகம் செய்து வைத்து, குறிப்பேட்டையும் நிலக் கோப்பையும் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.